ஆஸ்பத்திரியில் படுத்தது அவசியம்தானா?

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்குச் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒரு வேலை உண்டு. அது கடிதம் படித்துச் சொல்வது. மின்சாரக் கடிதம், வங்கிக் கடிதம், பிள்ளைகளின் கல்விக் கடன் கடிதம் என்று எல்லாம் நம்மிடம்தான் வரும். சில ஆண்டுகளாக இந்தக் குவியலில் புதிதாக ஒரு ரகம் சேர்ந்திருக்கிறது. காப்புறுதி நிறுவனங்கள் அனுப்பும் கடிதம் அது. ஆங்கிலத்திலோ மலாயிலோ இரண்டு பக்கத்துக்கு ஓடினாலும் அதன் சாரம் ஒரே வரிதான்: “தாங்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றது மருத்துவ ரீதியில் அவசியமானதன்று. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை.”

இந்த ஒரு வரியைத் தமிழில் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். “டீச்சர், அம்மா செத்துப் பிழைச்சு வந்திருக்கு. இவங்க அவசியமில்லைன்னு எழுதியிருக்காங்களே, எங்க அம்மாவ இவங்க வந்து பார்த்தாங்களா?” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி அனுப்பிய தாளைத்தான் பார்த்தார்கள். இந்த விவகாரத்தின் வேரே அங்குதான் இருக்கிறது என்பதால், அந்தக் குடும்பத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்த அம்மாள் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்கிறவர். மகன் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகு, மாதா மாதம் தன் சம்பளத்தில் பிடித்தம் போட்டுத் தாயாருக்கு ஒரு மெடிக்கல் கார்டு எடுத்துக் கொடுத்திருந்தான். அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் அடித்துப் போட்டது. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அன்று மத்தியானமே வயிற்று வலி கண்டு, குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. ஆள் துவண்டு போனார். மகன் வாடகைக் காரில் ஏற்றிப் பட்டணத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனான். டிங்கிக் காய்ச்சல் என்று டாக்டர் சொல்லி உடனே படுக்க வைத்தார். நான்கு நாள் சொட்டு நீர் ஏற்றினார்கள். வீடு திரும்பும் நாளில் பணம் கட்டும் முகப்பில்தான் இடி விழுந்தது. காப்புறுதிக்காரர்கள் உத்தரவாதக் கடிதம் கொடுக்க மறுத்துவிட்டார்களாம். கட்டணம் ஐயாயிரம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. முன்பணமாகக் கட்டிய ஆயிரம் போக மீதிக்கு, மருமகளின் சங்கிலியும் அம்மாளின் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின.

பிறகு வந்த கடிதம் மூன்று காரணம் சொன்னது. சேர்க்கும்போது நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை. இரத்தத்திலுள்ள பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையவில்லை. ஆகவே வெளிநோயாளியாகவே தினமும் வந்து இரத்தம் சோதித்துக்கொண்டு போயிருக்கலாம்.

படித்தவர்களுக்கே இது நியாயமாகத் தோன்றும். டிங்கியைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. இந்த நோயில் அபாயக் கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இரத்தம் கெட்டியாகிறது. மிஞ்சினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, தட்டணுக்கள் வேகமாக இறங்கும்போதே இரத்தத்தின் கெட்டித்தன்மை ஏறுவது — இவற்றை எச்சரிக்கை அறிகுறிகள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி வகைப்படுத்தியிருக்கிறது. எச்சரிக்கை அறிகுறி உள்ளவரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறது. தட்டணு எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யும் நோய் அல்ல இது.

நம் தோட்ட மக்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. தனியாக வசிப்பவர், மருத்துவமனைக்கு வெகு தொலைவில் நம்பகமான வாகன வசதி இல்லாமல் இருப்பவர் ஆகியோரையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியவர் பட்டியலில் அது வைத்திருக்கிறது. பதினெட்டுக் கட்டைக்கு அப்பால், செம்மண் சாலையில், இரவில் ஒரு வாகனமும் கிடைக்காத லயத்தில் குடியிருப்பது சொகுசுக் காரணம் அல்ல. அது மருத்துவக் காரணமே.

ஆனால் இவையெல்லாம் தாளில் இருந்தால்தானே? ஆஸ்பத்திரி முதலில் அனுப்பிய படிவத்தில் “டிங்கிக் காய்ச்சல், ஐந்தாம் நாள், கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்” என்று மட்டும் எழுதியிருந்தது. கண்காணிப்பு என்ற சொல்லே கோரிக்கையைக் கவிழ்த்துவிட்டது. பையன் திரும்பவும் டாக்டரிடம் போனான். அவர் நல்ல மனிதர். சேர்த்த வேளையில் இருந்த வயிற்று வலி, எத்தனை முறை வாந்தி, நாடித் துடிப்பு, இரத்தம் கெட்டியான அளவு, மணிக்கு எவ்வளவு சொட்டு நீர் ஏற்றப்பட்டது, வீடு எவ்வளவு தூரம் என்று விவரமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். தாதியர் எழுதிய அட்டவணையின் நகலும் இரத்தச் சோதனைத் தாள்களும் அதோடு போயின. ஏழு வாரம் கழித்துப் பணம் வந்தது. பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைகளைக் கழித்துக்கொண்டார்கள். வளையல் மீண்டது. வட்டி போனது போனதுதான்.

பத்திரம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் விற்கப்படும் மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்களில் பெரும்பாலானவற்றில் ‘மருத்துவ ரீதியில் அவசியமானது’ என்பதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான விளக்கம்தான் அச்சாகியிருக்கும். சிகிச்சை, கண்டறியப்பட்ட நோய்க்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். நல்ல மருத்துவ நடைமுறைப்படி, பலன் நிரூபிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நோயாளியின் வசதிக்காகவோ டாக்டரின் வசதிக்காகவோ செய்ததாக இருக்கக் கூடாது. படுத்துச் சிகிச்சை பெற்றதென்றால், மருத்துவமனைக்கு வெளியே நியாயமாகச் செய்திருக்க முடியாத சிகிச்சையாக இருக்க வேண்டும். பரீட்சார்த்தமானதாகவோ, நோய் வருமுன் பார்க்கும் சோதனையாகவோ இருக்கக் கூடாது. கட்டணமும் வழக்கமான நியாயமான அளவில் இருக்க வேண்டும்.

இவற்றில் சண்டை மூளுவது பெரும்பாலும் ‘வெளியே செய்திருக்க முடியாத’ என்ற இடத்தில்தான். இதற்குத் துணையாகப் பத்திரத்தின் விலக்குப் பகுதியில் இன்னொரு வரி இருக்கும்: முக்கியமாகப் பரிசோதனைக்காகவே மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கிடையாது. ஸ்கேன் எடுக்க, இரத்தம் சோதிக்க, எக்ஸ்ரே பார்க்க என்று மட்டும் படுத்தால் இந்த வரி வந்து வழியை மறிக்கும்.

‘மருத்துவமனைத் தங்கல்’ என்பதற்கும் விளக்கம் உண்டு. தங்கியதாகக் கணக்கிடும் காலம் முழுவதும் நோயாளி அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று அது சொல்லும். தீபாவளிக்கு முதல் நாள் மாலை, டாக்டரிடம் அனுமதி கேட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறுநாள் மத்தியானம் வார்டுக்குத் திரும்பிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பாவம், அவர் செய்ததில் என்ன குற்றம்? ஆனால் வீட்டுக்குப் போய் வர முடிகிற உடம்புக்குப் படுக்கை எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது கடினமாகத்தான் இருந்தது.

காப்புறுதிக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மெடிக்கல் கார்டு பெரும்பாலும் படுத்தால்தான் பணம் தரும். படுப்பதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆகும் செலவு, பகல் நேர அறுவை போன்ற சிலவற்றைத் தவிர, வெளிநோயாளிச் செலவுக்குத் தராது. ஆகவே ஒரு ஸ்கேனுக்குக் கைப்பணம் இல்லாதவர், “என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டாக்டர்” என்று கேட்கிறார். சில டாக்டர்களும் இரக்கத்தாலோ படுக்கை நிரம்பட்டும் என்றோ சேர்த்துக்கொள்கிறார்கள். இப்படிச் சேர்ந்த செலவெல்லாம் பிறகு எல்லாருடைய சந்தாவிலும் ஏறுகிறது. சந்தா உயர்வு தாங்க முடியாமல் 2024ஆம் ஆண்டு நாடு முழுவதும் கூக்குரல் எழுந்து, டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதை நேயர்கள் அறிவீர்கள். படுத்தால்தான் பணம் என்று அட்டையை அமைத்து விற்றுவிட்டு, ஏன் படுத்தாய் என்று கேட்பது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது. ஆயினும் கையெழுத்திட்ட பத்திரம் அதுதான்.

முகப்பில் நிற்கும்போது

உத்தரவாதக் கடிதம் மறுக்கப்பட்டால் கோரிக்கையே செத்துவிட்டது என்று நம் மக்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. ரொக்கமில்லாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதற்குத்தான் அந்தக் கடிதம். அது கிடைக்காவிட்டால் நாம் கட்டிவிட்டு, ரசீதுகளோடு பிறகு கோரலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. உத்தரவாதக் கடிதம் கிடைத்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. பத்திரத்தில் அடங்காத செலவை நோயாளியிடம் பிறகு கேட்பதற்கு அதிலேயே இடம் வைத்திருப்பார்கள்.

அவசரமில்லாத சிகிச்சை என்றால், சேர்வதற்கு முன்பே டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை வெளிநோயாளியாகச் செய்ய முடியாதா? முடியாதென்றால் அந்தக் காரணத்தைப் படிவத்தில் எழுதுகிறீர்களா?” இப்படிக் கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று நம் பெண்மணிகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இருக்கும் டாக்டர் கோபிக்க மாட்டார். உத்தேசச் செலவையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் டாக்டரின் தொழிற்கட்டணத்துக்கு 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உச்சவரம்பு இருக்கிறது. அறை, மருந்து, கருவி ஆகியவற்றுக்கு அந்த வரம்பு கிடையாது. பில் வீங்குவது அங்கேதான். கட்டணம் அநியாயம் என்று பட்டால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவத் தொழிலைக் கண்காணிக்கும் பிரிவுக்குப் புகார் எழுதலாம். அது காப்புறுதிக்காரரோடு நடக்கும் வழக்கிலிருந்து வேறானது.

உயிருக்கு ஆபத்தான நிலையில் அட்டை, முன்பணம் என்று பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உயிர்காக்கும் அவசர உதவி செய்யும் ஏற்பாடு எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் மருத்துவமனைகளுக்கு விதித்த கடமை. மேற்கொண்டு சிகிச்சைக்கு அரசாங்கப் பெரியாஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு மூன்று வெள்ளி வாங்கிக்கொண்டு நம் தலைமுறையையே காப்பாற்றிய இடம் அது. அதை மறந்துவிட்டுக் கார்டு இருக்கிறதே என்று தனியாருக்கு ஓடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மறுப்புக் கடிதம் வந்த பிறகு

முதலில் கடிதத்தில் இருக்கும் காரணம் எது என்று பிரித்துப் பாருங்கள். ‘அவசியமில்லை’ என்பது ஒரு காரணம். ‘பத்திரம் எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்’ என்பது வேறு. ‘காத்திருப்புக் காலம்’ என்பது இன்னும் வேறு. பொதுவாக நோய்களுக்கு 30 நாளும், இரத்த அழுத்தம், நீரிழிவு, கல், கட்டி, குடலிறக்கம், மூலம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாளும் காத்திருக்க வேண்டும் என்று பத்திரங்களில் இருக்கும். சம்பள நாளன்று தோட்டத்துக்கு வரும் ஏஜென்ட் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருப்பாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம். அவசியம் பற்றிய வழக்குக்கு டாக்டரின் கடிதம் மருந்து. மற்ற இரண்டுக்கும் அது மருந்தல்ல.

காரணம் எழுத்தில் இல்லாமல் தொலைபேசியில் சொன்னார்கள் என்றால், எழுத்தில் கேளுங்கள். பத்திரத்தின் எந்தப் பிரிவின்படி என்றும் கேளுங்கள். பிறகு மருத்துவ அறிக்கைக்கு மனுச் செய்யுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு. அந்தப் பணத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சேர்த்த நேரத்தில் டாக்டருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் முக்கியம். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு இரண்டு நாள் சோதனைக்குப் பிறகு வாயுத் தொல்லை என்று தெரிந்திருக்கலாம். அது பிறகு தெரிந்தது. வந்த ராத்திரியில் வலது கை வியர்த்து, இடது தோள் வலித்து, மூச்சு வாங்கிய மனிதரை எந்த டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார்? இந்த வாதத்தை உங்கள் கடிதத்தில் தவறாமல் எழுதுங்கள்.

இத்தனையும் சேர்த்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஏஜென்டிடம் கொடுத்தால் போதாது. அவர்களின் இறுதி முடிவும் பாதகமாக இருந்தால், அல்லது 60 நாள் ஆகியும் பதிலே இல்லையென்றால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை என்னும் அமைப்பிடம் முறையிடலாம். கோலாலம்பூரில் இயங்கும் இது, 2025 ஜனவரி முதல் தேதி இந்தப் பெயருக்கு வந்தது. பழைய தாள்களில் 2005ஆம் ஆண்டின் நிதிச் சமரசப் பணிமனை என்றோ, 2016ஆம் ஆண்டின் நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன் என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம், அதன் முன்னோர்கள்தான் அவை. பொதுமக்களுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டரை லட்சம் வெள்ளி வரையிலான காப்புறுதி வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் இரு தரப்பையும் பேச வைத்துச் சமரசம் பார்ப்பார்கள். ஆகாவிட்டால் ஒம்புட்ஸ்மன் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நாம் ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை நமக்கு அப்படியே இருக்கும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது தேதியை. இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். ‘பிள்ளை லீவுக்கு வரட்டும், எழுதிக்கொள்ளலாம்’ என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த கடிதங்கள் பல இந்த ஆறு மாதத்தில் அடிபட்டுப் போயின. எங்கே போவதென்றே தெரியாதவர்கள் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம். மலாய் பேசத் தெரிந்த இடைநிலைப் பள்ளிப் பிள்ளை வீட்டில் இருந்தால் பேசச் சொல்லுங்கள். பரீட்சைக்குக் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு இந்தக் கடிதம் எழுதுவதும் நல்ல பயிற்சியே.

எல்லா வழக்கும் ஜெயித்துவிடாது. முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுக்க இரண்டு நாள் படுத்த ஒரு குலை வெட்டும் தொழிலாளிக்கு நானும் அவர் மகளும் சேர்ந்து எவ்வளவோ எழுதிப் பார்த்தோம். அந்த இரண்டு நாளும் ஸ்கேனைத் தவிர அவருக்கு வலி மாத்திரை மட்டுமே கொடுத்திருந்தார்கள். தாதியர் அட்டவணையில் எழுத வேறொன்றும் இல்லை. பணம் வரவில்லை. அந்த வலி மரத்தடியில் அண்ணாந்து குலை வெட்டும்போது வழுக்கி விழுந்த வலி. அதற்கு முதலில் போக வேண்டிய வாசல் பெர்கேசோ. நம்மவர்கள் இன்றும் சொக்சோ என்று சொல்கிறோமே, அதுதான். வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சையும் தற்காலிக ஊன உதவித்தொகையும் அங்கே இருக்க, கார்டை நீட்டியதால் இரண்டும் இல்லாமல் போகப் பார்த்தது. பிறகு நிர்வாகத்திடம் விபத்து அறிக்கை வாங்கி அங்கே மனுச் செய்தோம்.

நாளுக்கு இவ்வளவு என்று கையில் பணம் தரும் ஆஸ்பத்திரிப் படித் திட்டங்களும் தோட்டங்களில் நிறைய விற்பனையாகின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இவை பணம் தரும் என்பதால் நல்லவைதான். ஆனால் அவசரப் பிரிவின் மஞ்சள் பகுதியில், தள்ளுவண்டிக் கட்டிலிலேயே வார்டில் இடத்துக்காக ஓர் இரவு முழுக்கக் காத்திருந்து, காலையில் தேவலை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், பதிவேட்டின்படி உள்நோயாளியே அல்ல. வீடு திரும்பும்போது கையில் தரும் தாளில் சேர்த்த தேதியும் நேரமும், விடுவித்த தேதியும் நேரமும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்த பிறகு அதைத் திருத்த ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும்.

சம்பளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காப்புறுதிக்காரர் படுத்தது அவசியமில்லை என்று எழுதிவிட்டதால், அந்த நாட்களுக்கான விடுப்பும் செல்லாது என்று ஒரு தோட்டத்தில் சொன்னார்களாம். இது தவறு. மேற்கு மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண மருத்துவ விடுப்பான 14, 18, 22 நாட்கள் இதில் சேராமல் தனியாக நிற்கின்றன. இதைவிட நல்லது, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் என்று தகுதி பெற்ற மருத்துவர் சான்று கொடுத்து, எக்காரணத்தாலோ அவர் சேராமல் போனாலும், சேர்ந்ததாகவே கருத வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கட்டில் கிடைக்காமல் திரும்பி வந்தவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர் எல்லாருக்கும் இது பொருந்தும். இங்கே தீர்மானிக்கிறவர் காப்புறுதி நிறுவனம் அல்ல, சான்று கொடுக்கும் மருத்துவர். சான்றைத் தோட்ட அலுவலகத்தில் கொடுக்கும்போது ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கிராணியாரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.